ஏழே ஏழு கேம்ல ஸ்டாக்ஹோம்

செஸ் பேச்ச எடுத்தாலே நம்மாளுங்க நேரா ஆனந்த்ல தான் ஆரம்பிப்பாங்க, எனக்கு அதுல எப்பவும் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. அவருக்கு முன்னாடி ஆசிய ஸோனல்னு ஒரு போட்டி இருந்துச்சு, அத ஜெயிச்சு உலக லெவலுக்குப் போனவர் மானுவல் ஆரோன், பர்மாவுல பொறந்து தமிழ்நாட்டுல வளர்ந்தவர்.

அப்போ சிஸ்டம் என்னன்னா, உலக செஸ் அமைப்பான ஃபிடே உலகத்தையே ஸோன் ஸோனா, அதாவது மண்டலம் மண்டலமா பிரிச்சு வச்சிருந்தாங்க. ஸோனல் ஜெயிச்சா இன்டர்ஸோனல், அங்க முன்னாடி வந்தா கேண்டிடேட்ஸ், அதுலயும் ஜெயிச்சா தான் உலக சாம்பியன் கூட மேட்ச். சோவியத்காரங்களுக்கு அவங்க நேஷனல் சாம்பியன்ஷிப்பே ஸோனல் மாதிரி, அதுல தப்பிச்சு வர்றதுக்குள்ள உயிர் போயிடும். நம்ம பக்கம் கதையே வேற. 1961ல ஆரோன் மொதல்ல மங்கோலியாவோட மோமோவ 3-1னு ஜெயிச்சாரு, அப்புறம் ஆசியா-ஆஸ்திரேலியா ஃபைனல்ல ஆஸ்திரேலியாவோட செசில் பர்டிய 3-0. மொத்தமே ஏழு கேம், ஆள் இன்டர்ஸோனல்ல! அந்த வருஷமே இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டமும் வந்துச்சு, இந்தியாவுல மொத ஆள்.

ஈஸியா போயிட்டாருன்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் தான் வரும். பர்டி அப்போ அம்பது தாண்டினவர் தான், ஆனா தபால்ல ஆடுற செஸ்ஸோட மொத உலக சாம்பியனே அவரு தானே. இன்னொன்னு, நம்ம நாட்டுல அப்போ பல பேரு ஆடிட்டிருந்தது பழைய இந்திய முறை ஆட்டம், சிப்பாய் மொத நகர்த்தல்ல ரெண்டு கட்டம் போகாது, கேஸ்லிங்குக்கு (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தல்ல சேத்து நகத்துறது) பதிலா ராஜா ஒரே ஒரு தடவ குதிரை மாதிரி தாவிக்கலாம். அதுல ஊறின ஊர்ல இருந்து கிளம்பி வந்து இதெல்லாம் பண்றது சும்மாவா?

அந்த இன்டர்ஸோனல் 1962ல ஸ்டாக்ஹோம்ல நடந்துச்சு, 23 பேரு. அமெரிக்காவோட பாபி ஃபிஷர் 22 கேம்ல 17.5 எடுத்து எல்லாரையும் தூக்கி சாப்டாரு. ஆரோன் டேபிள்ல கீழ தான் முடிச்சாரு, அத மறைக்க வேண்டியதில்ல. ஆனா போர்டிஷ், உல்மன்னு ரெண்டு பெரிய கிராண்ட்மாஸ்டர்கள அடிச்சிருக்காரு சார்! அதே டோர்னமென்ட்ல சோவியத்காரர் ஸ்டைன் பாவம், ப்ளேஆஃப் எல்லாம் ஜெயிச்சும் ஒரே நாட்டுக்காரங்க இத்தன பேரு தான்னு ரூல் இருந்ததால கேண்டிடேட்ஸ் போக முடியல.

ஆசியாவுல இருந்து வர்றவங்கள எவ்வளவு லேசா நினைச்சாங்களோ தெரியாது, ஆனா 1967ல துனிசியாவோட சூஸ் ஊர்ல நடந்த இன்டர்ஸோனல்ல மங்கோலியாவோட மியாக்மர்சுரென் ஃபிஷர்கிட்ட தோத்த கேம நேத்து ராத்திரி போர்டுல வச்சு பாத்தேன். ஃபிஷர் ராணிய h7 கட்டத்துல கொண்டு போய் கொடுக்கறாரு, ராஜா வெட்டுது, சிப்பாய் g6ல வெட்டி செக், ராஜா அதையும் வெட்டுனா பிஷப் e4க்கு வந்து மேட். ராஜா நடு வெளியில அம்போன்னு நிக்குது. ரெண்டு தடவ திருப்பி வச்சு பாத்தேன், தூக்கமே போச்சு.

ஆரோன் 1972ல சென்னை சோவியத் கலாச்சார மையத்துல டால் செஸ் கிளப் ஆரம்பிச்சாரு, ஆனந்த் சின்ன வயசுல போய் ஆடினது அங்க தான். 1990ல மணிலா இன்டர்ஸோனல்ல இருந்து ஆனந்த் கேண்டிடேட்ஸுக்கே போயிட்டாரு. மூணு வருஷத்துல இன்டர்ஸோனலே நின்னு போச்சு. ஸோனல் மட்டும் இன்னும் ஓடுது, இப்போ இந்தியாவே ஒரு தனி ஸோன்.