அருங்காட்சியகமும் பசுமையும்: களப்பணி அறிக்கை எழுதுவோருக்கு

நெல்லைப் பக்கம் தொல்லியல், அருங்காட்சியகவியல் படிக்கிறவர்கள், அருங்காட்சியகத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்துவது என்ற இந்தத் தலைப்பை எடுத்ததும் மொட்டைமாடிச் சோலாரில்தான் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியில் வரவேண்டியது. கரன்ட் பில்லில் பெரும்பங்கு ஏசிக்குப் போகிறது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு ஈரப்பதம் என்று எழுதினால்தான் ஏசியை எங்கே குறைக்கலாம் என்று சொல்லமுடியும்.

ஆதிச்சநல்லூர் வகைப் பொருட்களையே பாருங்கள். முதுமக்கள் தாழிக்குக் குளிர் தேவையில்லை. ஆனால் மண்ணின் உப்பு ஊறிய தாழியில் ஈரப்பதம் ஏறி இறங்கினால் உப்பு படிகமாகி மேல்தோல் உதிரும். துருப்பிடிக்கும் இரும்புக்கு ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே, பச்சைத்தூள் கிளம்பும் வெண்கலத்துக்கு 42க்குக் கீழே வேண்டும். நாலு கத்திக்காக ஹால் முழுக்கக் குளிரூட்டுவது வீண். அவற்றை மட்டும் இறுக்கமான கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ஒரு கனமீட்டருக்கு 20 கிலோ கணக்கில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடலாம். பெட்டியின் இடுக்கை ரப்பர் பட்டையால் அடைக்காவிட்டால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை ஜெல் சீக்கிரமே குடித்துத் தீர்த்துவிடும். அடைத்த பெட்டிக்குள் புது பிளைவுட் கூடாது. அதிலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். பத்தமடைப் பாயையும் பெட்டிக்கு வெளியே பின்னணியாக மட்டும் வையுங்கள், பூச்சி வரும்.

பகலில் ஏசி, ராத்திரி நிறுத்தம் என்பதைச் சிக்கனம் என்று எழுதாதீர்கள். நிறுத்தியபின் உள்ளே வரும் ஈரக்காற்று, இன்னும் குளிர்ந்திருக்கும் பொருளின்மேல் படிகிறது. தினமும் ஏறி இறங்கும் இந்த ஈரந்தான் மரத்தையும் ஓவியத்தையும் கெடுக்கிறது. பெரிய அருங்காட்சியகங்களின் பிசோ குழு இவற்றுக்கு 16–25 டிகிரி வெப்பம், 40–60 சதவீத ஈரப்பதம் என்று வரம்பைத் தளர்த்தியது. ஈரப்பதம் நாளொன்றுக்கு 10 சதவீதத்துக்குமேல் மாறக்கூடாது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

விளக்குக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: 50 வாட் ஹாலஜன் 40, தினம் 8 மணி நேரம் என்றால் 16 யூனிட். அதே 40 இடத்தில் 7 வாட் எல்.ஈ.டி. போட்டால் 2.24 யூனிட். ஓலைச்சுவடிக்கும் துணிக்கும் வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக்கூடாது.

அளவீடு இல்லாத அறிக்கைக்கு மதிப்பெண் வராது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தானே பதிவு செய்யும் டேட்டா லாகர் இரண்டு போதும்: ஒன்று ஹாலில், ஒன்று பெட்டிக்குள். சித்திரை வெயில், ஆடிச் சாரல், ஐப்பசி மழை மூன்றையும் பிடியுங்கள்.

பார்வையாளருக்குச் சொல்லும் பகுதியில் பொதுவான சுவரொட்டி வேண்டாம். தாமிரபரணிக் கரை மக்கள் தண்ணீரை எப்படித் தேக்கிப் பயன்படுத்தினார்கள் என்ற காட்சியும், அருங்காட்சியகத்தின் மாத மின்கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "அப்போ ஏசியே வேண்டாமா?" என்று கேட்பார்கள். சுவடி, ஓவியச் சேமிப்பறைக்கு வேண்டும். கல், சுடுமண் கூடத்துக்கு வேண்டாம்.