எத்தனையாம் திகதி தொடங்கியது?

ஆஸ்பத்திரி வாட்டில் டொக்டர் முதலில் கேட்பது, "எப்பயிருந்து இப்பிடி?" எங்களில் முக்கால்வாசிப் பேர் சொல்கிற பதில், "கொஞ்ச நாளாத்தான் டொக்டர்." பான்டாஸ், பான்ஸ் என்று சொல்கிற, பிள்ளையின் நடத்தை சடுதியாக மாறும் இந்த நோயில் இதைவிட நட்டமான பதில் கிடையாது. நேற்றுவரை விளையாடித் திரிந்த பிள்ளை ஓரிரு நாளுக்குள் ஆளே மாறிப்போவதுதான் இதன் முதல் அடையாளம். கை கழுவிக்கொண்டே இருக்கும். சாப்பாடு தொண்டையில் அடைக்கும் என்று வாயைத் திறக்காது. தாயை விட்டு ஒரு அடி நகராது. நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் திரும்ப வரும். "கொஞ்ச நாளா" என்று சொன்னால் அந்தச் சடுதி கரைந்துபோகும். பிள்ளை பிடிவாதக்காரப் பிள்ளைகளின் வரிசையில் போய் நிற்கும்.

தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமிக்குப் பிறகு இப்படி மாறும் பிள்ளைகளைப் பற்றி 1998இல் அமெரிக்காவில் குழந்தை வைத்தியர் சூசன் சுவீடோவின் குழு எழுதியது. அதற்கு வைத்த பெயர் பான்டாஸ். வேறு காரணங்களால் வருவதையும் சேர்த்து 2012இல் பான்ஸ் என்று விரித்தார்கள். அதன்படி, கட்டுப்படுத்த முடியாத எண்ணமும் செய்கையுமோ கடும் உணவு மறுப்போ திடீரெனத் தொடங்க வேண்டும். கூடவே பயம், மனநிலைத் தளம்பல், மூர்க்கம், சின்னப் பிள்ளைத்தனத்துக்குத் திரும்புதல், படிப்பில் சறுக்கல், அசைவு அல்லது புலன் மாற்றம், நித்திரையிலோ சலம் போவதிலோ குழப்பம் ஆகிய ஏழில் குறைந்தது இரண்டு வேண்டும். எல்லா வைத்தியர்களும் இந்தப் பெயரை ஏற்பதில்லை, உலகத்திலேயே இன்னும் வாதம் நடக்கிறது. அதனால் போனில் வாசித்த பெயரைக் கொண்டுபோய் டொக்டரோடு மல்லுக்கட்டாதீர்கள். கண்டதைத் திகதியோடு சொன்னால் போதும்.

திகதி எங்கே கிடைக்கும்? பிள்ளையின் புத்தகப் பையில். பள்ளிக்கூடக் கொப்பியில் ஒவ்வொரு பக்கத்திலும் திகதி இருக்கும், ரீச்சரின் சிவப்பு மையும் இருக்கும். தமிழ்க் கொப்பியைப் பின்னாலிருந்து புரட்டுங்கள். ஒரு பக்கம்வரை எழுத்து கோட்டுக்குள் நிற்கும். அடுத்த பக்கத்தில் 'ழ'வின் கால் கோட்டுக்குக் கீழே இழுபடும், எழுத்துகள் பெருத்துச் சரியும், அழித்து அழித்துத் தாள் கிழிந்திருக்கும். அந்த இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். பிறகு ஒரு புதுக் கொப்பியில் பின்னோக்கி எழுதுங்கள்: அதற்கு முந்திய ஆறு கிழமைக்குள் தொண்டை நோ, காய்ச்சல், காலில் சிரங்கு, வீட்டில் வேறு ஆருக்கும் தொண்டை நோ. என்ன மருந்து, எத்தனை நாள் குடித்தது, எத்தனையாம் நாள் நிறுத்தினீர்கள் என்பதும் வேண்டும். கை, முகம் துடிப்பதையும் கழுவும் சுற்றையும் ஒரு நிமிட வீடியோவாக எடுங்கள். டொக்டருக்கு முன்னால் பிள்ளை அரை மணித்தியாலம் அமைதியாக இருந்துவிடும். பிறகு நீங்கள் சொல்வதை ஆர் நம்புவார்?

கொப்பி எழுத நேரமில்லாத நிலைமையும் உண்டு. வலிப்பு, எழுப்ப எழுப்ப மயக்கம், கழுத்து விறைப்பு, தலையிடியோடு வாந்தி, பேச்சு நின்றுபோதல், இல்லாததைக் காண்பது, தன்னைக் காயப்படுத்துவது, எட்டு மணித்தியாலமாகச் சலம் போகாமை: இதில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திராமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மூளைக் காய்ச்சலும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் நோயும் இதே வேடத்தில் வரும். அதற்காக முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கக் கேட்பார்கள். "முதுகில் குத்தினால் கால் விழுந்திடும்" என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்வதைக் கேட்டுக் கையெழுத்துப் போடாமல் விடாதீர்கள். ஊசி போவது முண்ணாண் முடிகிற இடத்துக்குக் கீழே. மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈ.ஈ.ஜி.க்குப் போகும் நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் கழுவிக்கொண்டு போங்கள். எண்ணெய்த் தலையில் கம்பி ஒட்டாது, வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டிவரும்.

ஒன்றை வீட்டிலேயே பார்க்கலாம். உங்கள் இரண்டு விரலைப் பிள்ளையின் உள்ளங்கையில் கொடுத்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். பிடி ஒரே சீராக நிற்காமல், மாட்டில் பால் கறப்பதுபோல இறுகி இளகி இறுகினால் அது கை, கால், முகம் தன்பாட்டில் துள்ளும் சிடன்ஹாம் கொரியாவாக இருக்கலாம். நாக்கை வெளியே நீட்டி வைத்திருக்கச் சொன்னால் பாம்பின் நாக்குப்போல உள்ளே ஓடிவிடும். கோப்பை கைதவறும், முகம் கோணும். நித்திரையானதும் எல்லாம் அடங்கிவிடும். இதுவும் அதே ஸ்ட்ரெப் கிருமியின் பின்விளைவு, ஆனால் வாத இதயக் காய்ச்சலின் கிளை. தொண்டை நோ வந்து பல மாதம் கழிந்தும் வரலாம். இதயத்தில் இரைச்சல் கேட்காவிட்டாலும் எக்கோ என்ற இதய ஸ்கேன் செய்யத்தான் வேண்டும். வால்வு பழுதாவது வெளியில் தெரியாது.

பரிசோதனைகளில் ஆட்கள் இடறுவது வழமை. தொண்டையில் பஞ்சு தடவி எடுக்கும் சுவாப்பை அன்டிபயோடிக் தொடங்குவதற்கு முதல் எடுக்க வேண்டும். கடையில் வாங்கி இரண்டு நாள் கொடுத்துவிட்டுப் போனால் கிருமி வளராது. ஏ.எஸ்.ஓ. என்ற இரத்தப் பரிசோதனை கிருமி வந்து 3 முதல் 6 கிழமைக்குள் உச்சம் காட்டும். அது கூடியிருந்தால் மட்டும் நோய் உறுதியாகாது, பள்ளிக்கூடம் போகிற நல்ல சுகமான பிள்ளைக்கும் கூடியிருக்கும். சில கிழமை இடைவெளியில் இரண்டு முறை எடுத்து ஏற்ற இறக்கம் பார்ப்பதே பயன். வன்னியில் இன்னொரு சிக்கல் சிரங்கு. தோலில் வரும் ஸ்ட்ரெப்புக்கு ஏ.எஸ்.ஓ. பெரிதாக ஏறாது, அன்டி டி.என்.ஏஸ் பி என்ற பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். காலில் ஆறிய தழும்பு இருந்தால் காட்டி, அதைக் கேளுங்கள்.

மருந்துக்கு வருவோம். ஸ்ட்ரெப் உறுதியானால் அன்டிபயோடிக் பத்து நாள். அமொக்சிசிலின் என்றால் வழமையாகக் கிலோவுக்கு 50 மி.கி., 20 கிலோப் பிள்ளைக்கு நாளைக்கு 1000 மி.கி., அதற்கு மேல் போவதில்லை. நாலாம் நாள் தொண்டை நோ போனதும் மிச்சக் குளிசையை அலுமாரிக்குள் வைப்பதுதான் நம்மூர் வழக்கம். கிருமி மிஞ்சுவது அங்கேதான். கொரியா என்றால் 3 அல்லது 4 கிழமைக்கு ஒருமுறை பென்சதின் பெனிசிலின் ஊசி: 27 கிலோவுக்குக் கீழே 6 இலட்சம் அலகு, அதற்கு மேல் 12 இலட்சம். இதயம் தப்பியிருந்தாலும் 5 வருடம் அல்லது 21 வயது, எது பிந்தியோ அதுவரை. ஊசி நோகும், பிள்ளை ஒளிக்கும், அறுவடை நேரத்தில் அப்பாவுக்கு மறக்கும். அடுத்த திகதியை நாட்காட்டியில் வட்டமிட்டு, போனிலும் மணி அடிக்க வையுங்கள்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் ஐபுபுரூஃபன் கொடுக்கச் சொல்லியிருக்கும். காய்ச்சலுள்ள பிள்ளைக்கு இங்கே அதை நீங்களாகக் கொடுக்கவே வேண்டாம். மாரியில் வருகிற காய்ச்சல் டெங்கு இல்லையென்று இரத்தம் பார்க்கும்வரை பரசிற்றமோல் மட்டுமே. மனநல மருந்துகளுக்கும் இந்தப் பிள்ளைகள் சிலருக்கு உடம்பு கூடுதலாகத் துள்ளும். ஃபுளுவொக்ஸற்றின், சேர்ற்றலின் போன்றவற்றை மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றும்படி கேளுங்கள். ஓரிரு நாளில் நித்திரையே இல்லாமல் ஓடித்திரிந்தால் கொப்பியில் குறித்து உடனே சொல்லுங்கள். துடிப்பை அடக்கக் கொடுக்கும் ஹலோபெரிடோல் குடித்த பிள்ளையின் கழுத்து ஒரு பக்கம் முறுகினால், கண் மேலே செருகினால் பேய் ஏறியது என்று பதறாதீர்கள். ஆஸ்பத்திரியில் ஒரு ஊசியில் இறங்கிவிடும். ஸ்டீரொயிட், நரம்பு வழியே எதிர்ப்புப் புரதம் ஏற்றும் ஐ.வி.ஐ.ஜி. பற்றிப் பெரிதாகப் பேசுவார்கள். ஐ.வி.ஐ.ஜி. பற்றிய 2016 ஆய்வில் வெற்று மருந்துக்கும் அதற்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. விசேட வைத்தியர் பார்த்துச் சொல்லாமல் அதற்காக வயலை ஈடு வைக்காதீர்கள்.

வீட்டில் கிணறுதான் முதல் கவலை. கட்டில்லாத கிணற்றடியில் கை கழுவப் போகிற பிள்ளையைத் தனியே விடக்கூடாது; வாளியில் அளந்த தண்ணீர் குசினி வாசலில் இருக்கட்டும். கழுவிக் கழுவித் தோல் வெடித்தால் சிரங்கு, சிரங்கில் திரும்பக் கிருமி. ஒவ்வொரு கழுவலுக்கும் பிறகு தேங்காய் எண்ணெய் தடவுங்கள். முதல் கிழமை மல்லுக்கட்ட வேண்டாம். கொஞ்சம் தணிந்த பிறகு, "கை சுத்தமா அம்மா?" என்று இருபதாம் தரம் கேட்டால், "ஒருக்காச் சொல்லிட்டன் ராசா, இப்ப பயம்தான் கேக்குது" என்று சொல்லி நிறுத்துங்கள். அம்மா நிறுத்த அப்பம்மா பாவம் பார்த்துப் பதில் சொன்னால் வேலைக்காகாது. எல்லோரும் ஒரே சொல்லாக இருங்கள். சாப்பாடு மறுக்கிற பிள்ளைக்குக் கஞ்சி, பால், முட்டை அடித்த மா. கிழமைக்கு ஒருமுறை ஒரே தராசில் நிறை பாருங்கள்.

"ஆரோ செய்து போட்டினம்" என்று ஒரு பக்கம், "சண்டைக்குள்ளால வந்த தாயின்ர பிள்ளை, அந்தத் தாக்கம்தான்" என்று இன்னொரு பக்கம். இரண்டாவதில் உண்மை இருக்கலாம். ஆனால் அந்தத் தாக்கம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் பார்த்துத் தொடங்குவதில்லை. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வையுங்கள், பொங்கலுக்கும் கூட்டிப் போங்கள். வேப்பிலையால் அடிப்பதும், பட்டினி போடுவதும், பெயர் தெரியாத தூளைக் கொடுத்துக் கிளினிக் குளிசையை நிறுத்துவதும் வேண்டாம்.

பள்ளிக்கூடத்துக்கு நோயின் பெயர் தேவையில்லை. கை நடுங்குவதால் எழுத நேரம் கூட வேண்டும், கேட்டதும் ரொய்லற்றுக்கு விட வேண்டும், வகுப்பில் ஆருக்கும் தொண்டை நோ வந்தால் சொல்ல வேண்டும்: இந்த மூன்றையும் கடிதத்தில் கேளுங்கள். புலமைப்பரிசில் வருடமென்றால் ரியூசனைக் குறைத்துவிடுங்கள். அடுத்த தடிமன் காய்ச்சலோடு நோய் திரும்ப எட்டிப் பார்க்கலாம். முதல் தடவை எந்த அறிகுறி முதலில் வந்ததோ பெரும்பாலும் அதுதான் முந்தும். அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி, கிளினிக் புத்தகத்துக்குள் செருகி வையுங்கள். இரவில் நீங்கள் இல்லாத நேரம் மாமியோ சித்தியோ தூக்கிக்கொண்டு ஓடினாலும் அது கையோடு போகும்.