ஃபியூஸைப் பிடுங்கும் முன்: தொற்றுக்காலமும் வாடகைப் போர்ஷன்களும்

2020 கொரோனா ஊரடங்கில் கரண்ட் பில் கட்டும் கெடுவை அரசு திரும்பத் திரும்பத் தள்ளிவைத்தது. நல்ல முடிவு. ஆனால் சென்னை ராயபுரத்திலும் கொருக்குப்பேட்டையிலும் லைன் வீடுகளில் இருக்கும் பலர் மின்வாரியத்துக்கு நேராகப் பணம் கட்டுவதே இல்லை. இணைப்பு ஹவுஸ் ஓனர் பேரில் இருக்கும். போர்ஷனுக்கு ஒரு சப் மீட்டர், யூனிட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் அவர் கையில் கொடுப்பார்கள். கெடு தள்ளிப்போனால் அந்த அவகாசம் ஓனருக்குத்தான். வேலை போய் வீட்டில் முடங்கியவருக்கு இல்லை. அடுத்த தொற்று வருவதற்குள் அடைக்க வேண்டிய ஓட்டை இது.

குடியிருப்பவர் முதலில் சர்வீஸ் நம்பரை, அதாவது மின் இணைப்பு எண்ணை, தெரிந்துகொள்ள வேண்டும். மீட்டர் பெட்டியிலோ, மீட்டர் கணக்கு எழுதும் வெள்ளை அட்டையிலோ இருக்கும். அது கையில் இருந்தால் பாக்கி எவ்வளவு என்று போனிலேயே பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் பணமும் கட்டலாம். ஓனர் கட்டாமல் விட்டிருந்தால் நீங்களே கட்டிவிட்டு, ரசீதைக் காட்டி வாடகையில் கழிக்கக் கேளுங்கள். முன்கூட்டியே அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு வைப்பது பின்னால் சண்டையைத் தவிர்க்கும். கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள்தான் கெடு.

பில் தொகையே தப்பாகத் தெரிந்தால் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56 இரண்டு பாதுகாப்புகளைத் தருகிறது. 15 முழு நாள் எழுத்து அறிவிப்பு இல்லாமல் துண்டிக்கக் கூடாது. கேட்கும் தொகை, அல்லது முந்தைய 6 மாத சராசரிப்படி வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதை ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கட்டினால், தகராறு தீரும் வரை இணைப்பைத் தொடக் கூடாது. கடிதம் மின்வாரியப் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு. நகலில் தேதியோடு முத்திரை வாங்க மறக்காதீர்கள். வாயால் சொன்னது எங்கேயும் நிற்காது. அங்கே முடியாவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேலே மின் குறைதீர்ப்பாளர். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள் என்றால் முதல் அழைப்பு மின்வாரியப் புகார் மையமான மின்னகம், 94987 94987.

தள்ளிவைப்பது தள்ளுபடி ஆகாது. 2020இல் கணக்கெடுக்க ஆள் வர முடியாமல், முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு 4 மாத யூனிட்டும் மொத்தமாக வந்து இறங்கியதில் பலர் திணறிப்போனார்கள். அதனால் யார் வந்தாலும் வராவிட்டாலும் 2 மாதத்துக்கு ஒருமுறை, வழக்கமான தேதியில், மெயின் மீட்டரையும் சப் மீட்டரையும் படம் எடுத்து வையுங்கள்.

வீட்டில் நோயாளி இருந்தால் கணக்கு இன்னும் கடுமை. 5 லிட்டர் ஆக்சிஜன் செறிவூட்டி சுமார் 350 வாட் இழுக்கும். இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு 8.4 யூனிட், 14 நாளில் 118 யூனிட் வரை போகும். பல போர்ஷனுக்கு ஒரே இணைப்பு என்றால் 500 யூனிட்டைத் தாண்ட அதுவே போதும். தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போகும். இந்தக் கூடுதலை யார் ஏற்பது என்று கருவி வீட்டுக்கு வரும் அன்றே பேசிவிடுங்கள். கரண்ட் போனால் 150 ஏ.எச். பேட்டரி இன்வெர்ட்டர் சுமார் 3 மணி நேரம் தாங்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் தேவைப்படுபவருக்கு, நிரம்பிய ‘பி’ வகை சிலிண்டர் சுமார் 12 மணி நேரம் வரும். பிரிக்காத இன்சுலின் குப்பியை பிளாஸ்டிக் கவரில் கட்டி, ஈர மணல் போட்ட மண்பானைக்குள் சின்னப் பானை வைத்து அதில் போடலாம். ஐஸ் மேல் நேராக வைத்து உறைந்துவிட்டால் அந்த மருந்து வீண்.

குடிசை மாற்று வாரியம் என்று முன்பு சொன்ன நகர்ப்புற வாழ்விட வாரியத்தின் குடியிருப்புகளில் சிக்கல் வேறு. புளியந்தோப்பு மாதிரி அடுக்குமாடிகளில் தண்ணீரை மேலே ஏற்றுவது பொது மோட்டார். அதற்குத் தனி இணைப்பு, பணம் வீட்டுக்கு வீடு வசூல். ஊரே முடங்கினால் முதலில் படுப்பது இந்த வசூல்தான். மோட்டார் இணைப்பு போனால் ஒரு பிளாக் முழுக்கக் கை கழுவத் தண்ணீர் இல்லை. தனிமையில் இருக்க வேண்டியவரும் குடத்தோடு கீழே அடிபம்புக்கும் லாரிக்கும் வரிசையில் நிற்பார். நோய் பரவ வேறு வழியே வேண்டாம். ஆகவே மோட்டார் கணக்கில் 2 பில் தொகையாவது எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். லாரி கேட்க குடிநீர் வாரியத்துக்கு 044-4567 4567. கேட்கும்போது தெருப் பெயரோடு எத்தனை வீடு, எத்தனை பேர் வீட்டுத் தனிமையில் என்பதையும் சொல்லுங்கள்.

வாடகை பாக்கிக்காக ஓனரே மெயினை அணைப்பதும் நடக்கிறது. குடியிருப்பவரின் தண்ணீர், கரண்ட் எதையும் நிறுத்த ஓனருக்கு உரிமை இல்லை என்பது தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம். வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்து இடைக்கால உத்தரவு கேட்கலாம். நடைமுறையில் தடை எங்கே என்றால், பதிவு செய்த ஒப்பந்தம் பல பேரிடம் இல்லை. வாடகை கொடுத்ததற்கான ஜிபே விவரம், அந்த முகவரியில் கேஸ் புக், ரேஷன் அட்டை என்று கிடைப்பதைச் சேர்த்து வையுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது ஒன்று. கெடுவைத் தள்ளும் உத்தரவில் ‘துண்டிப்பு இல்லை’ என்று சொன்னால் போதாது. டயாலிசிஸ், ஆக்சிஜன், இன்சுலின் தேவைப்படுவோரும் பிள்ளைத்தாய்ச்சிகளும் உள்ள வீடுகளின் சர்வீஸ் நம்பர்கள், பொது மோட்டார் இணைப்புகளோடு சேர்ந்து பிரிவு அலுவலகத்தில் இப்போதே பட்டியலாக இருக்க வேண்டும். வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களுக்கு நோயாளிகளைத் தெரியும், உதவிப் பொறியாளருக்கு மீட்டர்களைத் தெரியும். இரண்டையும் ஒரே தாளில் எழுத ஒரு வார வேலை.