சென்னையில் முதல் செமஸ்டர்: சி ஃபார்ம் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்

முதல் செமஸ்டர் பெறுபேறு போன கிழமை வந்துவிட்டது. அரியர் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு எடுத்துச் சொல்லி, அவ நல்லூரில் அர்ச்சனை செய்வதாக வைத்த நேர்த்தியை நினைவுபடுத்திய பிறகுதான் எனக்கு நெஞ்சு ஆறியது. அடுத்த வருசம் யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கமிருந்து எம்.எஸ்சி., எம்.ஏ. என்று சென்னைக்கு வெளிக்கிட இருக்கிற தம்பி தங்கச்சிமார் இப்பவே மெசேஜ் போடுகிறார்கள். "அக்கா, எந்த நோட்ஸ் வாங்க வேணும், எத்தனை வருசப் பேப்பர் செய்ய வேணும்?"

நோட்ஸ் பிறகு பார்க்கலாம். முதலில் வீடு. இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் போதாது: வீட்டுக்காரர் சி ஃபார்ம் போடுவாரா என்று கேட்டு, அவர் வாயால் ஓம் என்று சொல்லக் கேட்ட பிறகு மட்டும் அட்வான்ஸ் காசை எடுங்கள்.

ஏன் என்றால் எல்லாமே அந்த ஒரு பதிவில் தொங்குகிறது. வெளிநாட்டவரைத் தங்க வைக்கிறவர், ஹோட்டலோ ஹொஸ்டலோ சொந்த வீடோ, 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு ஒன்லைனில் அறிவிக்க வேண்டும். அதைத்தான் எல்லாரும் சி ஃபார்ம் என்கிறார்கள். உங்களுடைய மாணவர் விசா 180 நாளுக்கு மேற்பட்டது என்றால், வந்து 14 நாளுக்குள் நீங்கள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் பதிய வேண்டும். அதற்கு, நீங்கள் அங்கே படிக்கிறீர்கள் என்று கல்லூரி தருகிற போனஃபைடு கடிதமும் முகவரிக்கு ஆதாரமும் வேண்டும். வங்கியில் பாஸ்போர்ட், விசா, கல்லூரி அனுமதிக் கடிதம் வைத்து என்.ஆர்.ஓ. என்கிற, வெளிநாட்டு மாணவரும் திறக்கக்கூடிய கணக்கைத் திறக்கலாம், ஆனால் உள்ளூர் முகவரியை 30 நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும், அதுவரை மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. கணக்கு இல்லாவிட்டால் யூ.பி.ஐ. இல்லை. யூ.பி.ஐ. இல்லாமல் சென்னையில் ஒரு டீ குடிக்கவும் சில்லறை தேட வேண்டும், பரீட்சைக் கட்டணம் கட்ட வகுப்புத் தோழியிடம் கையேந்த வேண்டும்.

இதற்கும் மார்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்களைப் போல வெளிநாட்டு மாணவருக்கு அட்மிஷன் பிந்தித்தான் முடிகிறது. நாங்கள் வந்து இறங்கும்போது வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும், கல்லூரிக்குள்ளேயே வைக்கிற முதல் இன்டர்னல் டெஸ்ட் கண்ணுக்கு முன்னால் நிற்கும். என் கல்லூரியில் இன்டர்னல் 25, எழுத்துப் பரீட்சை 75. வரவு 75 வீதம் வேண்டும். அலுவலகம் அலுவலகமாக அலைகிற ஒவ்வொரு காலையும் வரவில் ஓட்டை, இன்டர்னலில் ஓட்டை. என்னோடு வந்த ஒரு பிள்ளை நல்ல கெட்டிக்காரி, என்னைவிட வடிவாகப் படிப்பவள். வீட்டுக்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்து, கடைசியில் ஃபார்ம் போட மாட்டேன் என்று விட்டார். அட்வான்ஸும் முழுதாகத் திரும்பவில்லை. அவள் இழந்த மார்க் முழுக்க இன்டர்னலில்தான். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

எனக்கும் முதல் பார்த்த வீடு கிடைக்கவில்லை. கோடம்பாக்கத்தில் நல்ல காற்றோட்டமான அறை. அந்த அம்மா காப்பி போட்டுத் தந்து, "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி இருந்துக்கோம்மா" என்றா. ஐயா என் பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிலோனா? கேம்ப்ல பதிவு இருக்கா?" என்று கேட்டார். நான் மாணவர் விசாவில் வந்தவள், அகதி முகாம் பதிவு வேறு என்று விளங்கப்படுத்தினேன். "போலீஸ், ஆபீஸ் எல்லாம் நமக்கு வேணாம்மா" என்று பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். கோபப்படாமல், விசாப் பக்கத்தைத் திறந்து காட்டி, சி ஃபார்ம் போட்டால் வீட்டுக்காரருக்குத்தான் பாதுகாப்பு, போடாமல் விட்டால்தான் அவருக்குப் பிரச்சினை என்று சொல்லுங்கள். சிலர் மனம் மாறுவார்கள்.

பிறகு வளசரவாக்கத்தில் ஒரு அன்ரியின் மேல்மாடி அறை கிடைத்தது. அந்தப் பக்கமும் போரூர்ப் பக்கமும் எங்கட ஆட்கள் கனகாலமாக இருப்பதால் வீட்டுக்காரருக்கு இந்த அலுவல் பழக்கம். அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினா. பாஸ்போர்ட் இலக்கம், விசா இலக்கம், இந்தியாவுக்குள் வந்த திகதி, கடைசியாக எந்த ஊரிலிருந்து வந்தேன் என்று. "பலாலின்னு போடட்டுமா, யாழ்ப்பாணம்னு போடட்டுமா?" என்று கேட்டா. யாழ்ப்பாணம் என்றேன். கடைசியில் வந்த பி.டி.எஃப். கோப்பை எனக்கு அனுப்பிவிட்டு, "இத பத்திரமா வச்சுக்க, கண்ணு" என்றா. அன்றைக்கு இரவே எஃப்.ஆர்.ஆர்.ஓ. விண்ணப்பத்தை ஒன்லைனில் ஏற்றினேன். நுங்கம்பாக்கம் ஹாடோஸ் ரோட்டில் இருக்கிற அலுவலகத்துக்கு நேரில் போகத் தேவை வரவில்லை. கூப்பிட்டால் மட்டும் போனால் போதும்.

வளசரவாக்கத்துக்கு ஒரு குறை உண்டு. நான் இருந்த காலத்தில் ஆற்காடு ரோட்டில் மெட்ரோ வேலை, காலையில் பஸ் நகராது. ஆனாலும் நான் அதையே தெரிவு செய்வேன். காலை 5 மணிக்கு எழும்புவது எனக்குப் பழக்கம், முதல் பஸ்ஸில் ஏறி வெறும் வகுப்பறையில் இருந்து படித்தேன். பிந்தி எழும்புகிறவர்கள் கல்லூரி ஹொஸ்டலில் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். அங்கே ஃபார்மை அலுவலகமே போட்டுவிடும்.

வர முதல்:

- சுற்றுலா விசாவில் வந்து இங்கே மாற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், மாற்ற முடியாது. மாணவர் விசா உங்களுடைய கல்லூரிப் பெயரோடு வருவது; நினைத்தபடி கல்லூரி மாறவும் முடியாது.
- பட்டச் சான்றிதழ், பெறுபேற்றுப் பத்திரம் எல்லாவற்றையும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்திக் கொண்டு வாருங்கள். இங்கே வந்து அம்மா அப்பாவை அலைய விட வேண்டாம்.
- கையில் டொலர். இலங்கை ரூபாயை இங்கே மாற்ற அலைவது வீண் வேலை.
- எங்கட மூன்று சதுரக் கால் பிளக் இங்கத்தைய சொக்கெட்டில் போகாது. அடப்டர் ஒன்று பையில் மேலாக வையுங்கள். இறங்கின இரவே போன் சார்ஜ் இல்லாமல் நிற்கக் கூடாது.
- பாஸ்போர்ட் அளவுப் படம் கட்டுக்கட்டாக.

வந்த பிறகு:

- அட்வான்ஸ். 2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. கூடக் கேட்கிறார்கள்தான். சட்டம் தெரியும் என்று மரியாதையாகச் சொன்னாலே தொகை இறங்கும். கொடுத்த காசு ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.
- தரைத்தளம் வேண்டாம். நவம்பர், டிசம்பர் பரீட்சைக் காலம்தான் வடகிழக்குப் பருவமழைக் காலமும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. எந்த ஏரியா என்றாலும் பக்கத்துக் கடைக்காரரிடம் "அந்த மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள், புரோக்கரிடம் கேட்க வேண்டாம்.
- மழைக்கு லீவு என்று வருகிற ஃபோர்வர்டுகளைப் பார்த்துப் படுத்துவிட வேண்டாம். பரீட்சை தள்ளிப்போனதைக் கல்லூரிச் சுற்றறிக்கையில் கண்டால் மட்டும் நம்புங்கள்.
- பெண் பிள்ளைகளுக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பஸ்ஸில் 2021 மே முதல் காசு இல்லை. முன்பக்கம் பிங்க் நிறம் அடித்திருக்கும். கண்டக்டர் தருகிற கட்டணமில்லா டிக்கெட்டை வாங்கி வைத்திருங்கள்.
- ஸ்டெர்லிங் ரோட்டில் எங்கட துணை உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறது. பாஸ்போர்ட் தொலைந்த அன்றைக்கு இடம் தேடாமல், முதல் கிழமையிலேயே ஒருக்கா பார்த்து வையுங்கள்.

இனிப் பரீட்சை. பேப்பர் அமைப்பு உங்களுக்குத் தெரியும், அதை விடுகிறேன். ஏ.எல்.லிலும் கம்பசிலும் நாங்கள் பந்தி பந்தியாக எழுதிப் பழகினவர்கள். முதல் இன்டர்னல் தாள் திரும்பி வந்தபோது என் பத்து மார்க் விடையில் மிஸ் சிவப்புப் பேனாவால் மூன்று இடத்தில் கோடு போட்டிருந்தா. கோடு போட்ட ஒவ்வொரு வரியும் ஒரு தலைப்பாக நிற்க வேண்டியது என்று கூப்பிட்டு விளங்கப்படுத்தினா. "எக்ஸ்டர்னல்ல ஒரு கட்டு பேப்பர் திருத்துறவங்க உன் பாராவுக்குள்ள தேட மாட்டாங்கம்மா." அதற்குப் பிறகு வரைவிலக்கணம், படம், பிரிவுகள், உதாரணம், பயன்கள் என்று உபதலைப்புப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே கோடு கீறி எழுதினேன். தெரிந்த விஷயம் அதேதான், மார்க் ஏறியது. நீண்ட விடை எழுதுகிற பார்ட் சி-யை முதலில் எழுதுங்கள், கை களைக்க முதல்.

குழுவாக இருந்து படிக்க எனக்கு வராது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கிற பகுதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளை நான் அங்கேயே கழித்தேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற அண்ணாமார், அக்காமார் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள், நேரத்துக்குப் போங்கள்.

இரண்டாம் செமஸ்டருக்கு வீடு மாறுகிறவர்கள், புது வீட்டுக்காரரும் சி ஃபார்ம் போட வேண்டும், எஃப்.ஆர்.ஆர்.ஓ.விலும் முகவரி மாற்றத்தைப் பதிய வேண்டும். சாமான் ஏற்ற முதலே அவரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், நான் போனில் கதைக்கிறேன்.