ஒரு சொல்லும் எட்டு மாதங்களும்

பிப்ரவரி 3, திங்கள்

அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் அமெரிக்கக் கறுப்பினக் கவிதைகளைத் தொடங்க வேண்டும். எதில் ஆரம்பிப்பது?

முதலில் நினைவுக்கு வந்தது ஏபெல் மீரோபோல் எழுதிய 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்'. 1930இல் இண்டியானாவின் மேரியன் ஊரில் ஒரு கும்பல் இரண்டு கறுப்பின இளைஞர்களை மரத்தில் தொங்கவிட்டது. அந்தப் புகைப்படம்தான் அவரை உலுக்கி எழுத வைத்தது. அவர் கறுப்பினத்தவர் அல்ல. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பள்ளி ஆசிரியராக இருந்த யூதர். 1939இல் பில்லி ஹாலிடே அதைப் பாடிப் பதிவு செய்தார்.

வேண்டாம். முதல் நாளே பிணத்தைக் காட்டினால், 'ஐயோ, கொடூரம்' என்று சொல்லிவிட்டு, அது யாரோ அரக்கர்கள் செய்த வேலை என்று பிள்ளைகள் நிம்மதியாகிவிடுவார்கள். சின்ன விஷயமாக ஒன்று வேண்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கிடைத்துவிட்டது. கறுப்பினக் கவிஞர் கௌன்டே கல்லனின் 'இன்சிடென்ட்'. 1925இல் வந்த தொகுப்பில் உள்ளது. மொத்தமே 12 வரி. எட்டு வயதுக் கறுப்பினப் பையன் பால்டிமோரில் குதூகலமாகப் போய்க்கொண்டிருக்கிறான். அவன் வயதொத்த இன்னொரு பையன் அவனையே பார்க்கிறான். இவன் சிரிக்கிறான். அவன் நாக்கைத் துருத்தி, கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்த வசைச்சொல்லைச் சொல்கிறான். மே முதல் டிசம்பர் வரை அந்த ஊரில் இருந்தும், இவனுக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

அடி இல்லை, ரத்தம் இல்லை. குழந்தைப் பாட்டின் தாளம்.

சிக்கல், அந்தச் சொல். நான் அதை வாய்விட்டுச் சொல்லப் போவதில்லை. அந்த இடத்தில் நிறுத்திவிடலாம் என்று நினைத்து, சமையலறையில் நின்று சத்தமாக வாசித்துப் பார்த்தேன். விடவில்லையே! இரண்டு வரிக்கு முன்னால் 'பிக்கர்' (bigger) என்று முடித்து வைத்திருக்கிறார் கல்லன். அதற்கு இயைபாக அடுத்து எது வரும் என்று காதுக்குத் தெரிந்துவிடுகிறது. நான் வாயை மூடினாலும் கேட்பவர் மனம் சொல்லி முடித்துவிடும். இத்தனை வருடம் படித்தும் இதை நான் கவனித்ததே இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

தூக்கம் வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன், வேறொரு கவிதையை நடத்திவிட்டு, 'நீங்கள் அவராக இருந்தால் என்ன உணர்வீர்கள், எழுதுங்கள்' என்றேன். எல்லாரும் எழுதினார்கள். வகுப்பின் ஒரே கறுப்பின மாணவி மட்டும் பேனாவைத் திறக்கவில்லை. போதாக்குறைக்கு நான், 'உன் அனுபவத்தைச் சொல்லேன்' என்று வேறு கேட்டேன். அவள் பாடம் கற்க வந்தவள். நான் அவளைப் பாடப்புத்தகம் ஆக்கினேன். நல்லெண்ணத்தோடு செய்தேன் என்பது சமாதானமாகவே இல்லை.

இந்த முறை கேள்விகள் கவிதைக்குள் இருக்கும் இரண்டு பையன்களைப் பற்றி மட்டும். யாருக்காவது தன் கதையைச் சொல்லத் தோன்றினால் சொல்லட்டும். நானாகக் கேட்க மாட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

வாசித்தேன். சொல்லுக்கு முன் நிறுத்தினேன். நினைத்தபடியே வகுப்பு அதை மனதுக்குள் முடித்தது. சிலர் தலையைக் குனிந்தார்கள்.

"நீங்க சொல்லலை, ஆனா எனக்குக் கேட்டுச்சு மிஸ்," என்றான் முதல் வரிசைப் பையன். அரை மணி நேரம் அதிலேயே போனது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல்லை யார் கற்றுக்கொடுத்தார்கள்? வீடா, தெருவா? அவர்களே சண்டை போட்டுக்கொண்டார்கள். நான் மேசை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். கல்லனும் பின்னாளில் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியர் ஆனார், எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் அவரிடம் படித்தவர் என்று சொல்லக் குறிப்பு எடுத்துப் போயிருந்தேன். நேரமே இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தேன். பாதிப் பேர் 'அனைவரும் சமம்' என்று முடித்திருந்தார்கள். சரி, அதை எதிர்பார்த்ததுதான்.

கடைசி வரிசையில் அதிகம் பேசாத ஒருத்தி நாக்கைத் துருத்திய பையனைப் பற்றி எழுதியிருந்தாள். அவன் வீட்டுக்குப் போனான், சாப்பிட்டான், தூங்கினான். மறுநாள் அவனுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தாள். அடியில் ஒரு கேள்வி: 'மிஸ், அந்தக் கறுப்பினப் பையன் ஏன் முதலில் சிரித்தான்?'

அடுத்து எந்தக் கவிதை என்று முடிவு செய்யாமல் இருந்தேன். முகமூடி போட்டுச் சிரிப்பவர்களைப் பற்றி பால் லாரன்ஸ் டன்பார் எழுதியதைத்தான் எடுக்க வேண்டும். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். நாளைக்குள் 32 பிரதி எடுக்கணும்.