பரதேசி
காலையில் செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சிமெண்டு பெஞ்சில் சாக்கு விரித்துப் படுத்திருந்த பெரியவரை ஒருத்தர் "எந்திரிடா பரதேசி" என்று விரட்டினார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை, சாக்கை நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

பரதேசி என்றால் வேறு தேசத்துக்காரன், அவ்வளவுதான். மலை தாண்டிக் கொச்சிக்குப் போனால் மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டின யூதர் ஆலயத்துக்கே பரதேசி என்றுதான் பேர், வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுடையது என்பதால். நாம்தான் யாத்திரை போகிறவன், பிச்சை எடுக்கிறவன், வீடில்லாதவன் எல்லாரையும் அதே சொல்லில் அடைத்து வசவாக்கி வைத்திருக்கிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்கள் நாடு முழுக்க சுமார் 17.7 லட்சம் பேர். சரி, வீடற்றவர் என்று யார் வாயாலாவது கேட்டிருக்கிறீர்களா?

அப்புறம் டீக்கடைக்காரர் சொன்னார், அந்தப் பெரியவருக்குச் சொந்த ஊரே செங்கோட்டைதானாம்.