யூகலிப்டஸ் எண்ணெய்க்கு எலில டாக்ஸிசிட்டி பார்த்த அனுபவம்

எலிக்கு எண்ணெய் குடுக்குற வேலை சீக்கிரம் முடிஞ்சிடும், அதுக்கு முன்னாடி எதிக்ஸ் கமிட்டி அப்ரூவல் வாங்குறதுதான் உயிரை வாங்கும். விலங்கு இல்லாம முடியாதா, ஏன் இத்தனை எலின்னு குடைஞ்சுட்டாங்க, செல் கல்ச்சர் (லேப்ல வளர்த்த செல்கள்ல பண்ணின டெஸ்ட்) ரிசல்ட்டைக் காட்டினப்புறம்தான் பேச்சே நகர்ந்துச்சு. ஓஇசிடி 423 (ஒரே தடவை வாய்வழியா குடுத்து விஷத்தன்மை பார்க்குற சர்வதேச டெஸ்ட் முறை) எடுத்ததால எண்ணிக்கைல தப்பிச்சேன், ஒரு ஸ்டெப்புக்கு 3 எலிதான், பாதி விலங்குகள் சாகுற டோஸைத் தேடுற பழைய எல்டி50 டெஸ்ட் மாதிரி கும்பலா சாகடிக்க வேண்டியதில்ல.

டோஸ் எலியோட எடைல கிலோவுக்கு 2000 மில்லிகிராம். 200 கிராம் எலின்னா 400 மில்லிகிராம், ஆனா சிரிஞ்சுல மில்லிலதானே எடுக்கணும், எண்ணெயோட அடர்த்தி 0.91 கிட்ட வரும், அப்போ 0.44 மில்லி, சும்மா 0.4ன்னு எடுத்தா டோஸ் குறைஞ்சுடும். அதை கார்ன் ஆயில்ல கலந்துக்கிட்டேன். முந்தின ராத்திரியே தீனியை எடுத்துடணும், தண்ணி இருக்கலாம்.

கவாஜ் ஊசியை (வாய் வழியா வயித்துக்குள்ள மருந்து விடுற மழுங்கின குழாய்) தள்ளவே கூடாது, உருண்டை முனை தொண்டைகிட்ட போனதும் எலி தானா முழுங்கும், தடுக்குற மாதிரி இருந்தா வெளில எடுத்துடுங்க. எண்ணெய் நுரையீரலுக்குள்ள போய் எலி செத்தா அது எண்ணெயோட விஷத்தால இல்ல, நம்ம கையால, ஆனா டேட்டால ரெண்டும் சாவுதான்.

முதல் அரை மணி நேரம் கண்ணை எடுக்காதீங்க. எச்சில் வடிஞ்சுது, மோவாயை கூண்டுல விரிச்ச உமில போட்டுத் தேய்ச்சுக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் மந்தமாகி பின்னங்கால் தள்ளாடுச்சு, சாயங்காலத்துக்குள்ள தெளிஞ்சிடுச்சு. 14 நாள் பார்த்ததுல ஒண்ணும் சாகல, எடையும் ஏறுச்சு.

இதை வெச்சு "2000ல சாவு இல்ல, அதனால பாதுகாப்பானது"ன்னு எழுதுறவங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சல்தான் வரும், அந்தத் தள்ளாட்டமும் ரிசல்ட்தானே? தினமும் குடுத்தா என்ன ஆகும்னு பார்க்க 28 நாள் தொடர்ந்து குடுத்துப் பார்க்குற ஓஇசிடி 407 டெஸ்ட்டைத் தனியா பண்ணணும். அதுல ஆண் எலிக்கு மட்டும் கிட்னில ஏதாவது தெரிஞ்சா உடனே பதறாதீங்க (நான் பதறினேன்), இந்த எண்ணெய்ல இருக்குற லிமோனீன் மாதிரி டெர்பீன் (செடி எண்ணெய்கள்ல இருக்குற வாசனைப் பொருள்) ஆண் எலியோட ஒரு புரதத்தோட ஒட்டி அப்படிப் பண்ணும், மனுஷங்களுக்கு அது பொருந்தாது. பெண் எலியோட கிட்னி ஸ்லைடையும் (மைக்ராஸ்கோப்புல பார்க்குற திசு வெட்டு) பக்கத்துல வெச்சுப் பாருங்க.

எண்ணெயை மொத்தமா ஒரே பேட்ச்ல வாங்கி ஜிசி-எம்எஸ் (எண்ணெய்ல என்னென்ன கலந்திருக்குன்னு பிரிச்சுக் காட்டுற டெஸ்ட்) எடுத்துட்டு, சின்னச் சின்ன அம்பர் பாட்டில்ல நிரப்பி ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுங்க. திறந்து திறந்து மூடினா லிமோனீன் ஆக்சிடைஸ் ஆகும், பின்னாடி தோல் டெஸ்ட் பண்றப்ப அலர்ஜி வந்தா எண்ணெயாலயா பழசானதாலயான்னு பிரிக்கவே முடியாது.